வாசகர் கேள்வி–பதில்: மலையில்லாத ஊரிலிருந்து மலையேறப் போவோருக்கு

கேள்வி: பிள்ளைகளுக்கு 6, 9 வயது. மாமிக்கு முழங்கால் நோ. கடலுக்குக் கிட்ட, எல்லோரும் ஏறக்கூடிய மலை ஒன்று சொல்லுங்கள். மூத்தவனுக்குப் பள்ளிக்கூடத்தில் கனியங்கள் பற்றி ஒப்படை கொடுத்திருக்கிறார்கள். அகழ்வு நடந்த இடம் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. கீரிமலை சரிவருமா?
— வாசகி, கொக்குவில்

பதில்: கீரிமலையில் கேணி உண்டு, கடல் உண்டு, மலை பெயரில் மட்டும்தான். திரியாய்க்குப் போங்கள். திருகோணமலையிலிருந்து நிலாவெளி, குச்சவெளி தாண்டி வடக்கே ஏறத்தாழ 45 கிலோமீற்றர். பிரதான வீதியிலிருந்து உள்ளே திரும்பினால் கந்தசாமி மலை என்று சொல்லப்படும் சிறிய குன்று. உச்சியில் கிரிஹந்து சேய விகாரையின் பழைய வட்டக் கட்டடமும் கல்தூண்களும் இருக்கின்றன. பாறையில் கிரந்த எழுத்தில் பொறித்த சமஸ்கிருதக் கல்வெட்டு ஒன்றும் உண்டு. மேலிருந்து கிழக்கே பார்த்தால் கடல்.

ஒரே நாளில் போய்வர நினைக்காதீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ஏ-9 வீதியால் வவுனியா, அங்கிருந்து ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலை என்று 230 கிலோமீற்றருக்கு மேல் வரும். வான் வண்டியில் 5 மணித்தியாலம் வையுங்கள். ஹொரவப்பொத்தானைப் பக்கம் இருட்டினால் யானை வீதிக்கு வரும். ஆகவே வெளிச்சத்தோடு நிலாவெளிக்குப் போய்ச் சேர்ந்து, இரவு அங்கேயே தங்கிவிடுங்கள். பஸ்ஸில் போகிறவர்கள் புல்மோட்டை பஸ்ஸில் ஏறித் திரியாய்ச் சந்தியில் இறங்கலாம். உள்ளே சில கிலோமீற்றர் இருப்பதால் ஓட்டோவைத் திரும்பி வருவதற்கும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள்.

காலை ஆறரைக்கே ஏறத் தொடங்க வேண்டும். விகாரை வளவில் செருப்பைக் கழற்ற வேண்டும், ஒன்பது மணிக்குப் பிறகு பாறை வெறுங்காலில் நிற்க விடாது. தடித்த காலுறை ஒரு சோடி ஆளுக்கு எடுத்துப் போங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு அவசியம். தண்ணீர் பெரியவர்களுக்கு ஒன்றரை லீற்றர், பிள்ளைகளுக்கு ஒரு லீற்றர். ஜீவனி (நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்) கரைப்பதானால் முழுப் பக்கற்றை ஒரு லீற்றர் தண்ணீரில் கரையுங்கள். சின்னப் போத்தலில் முழுதையும் கொட்டினால் உப்புக் கூடி, பிள்ளைக்கு நன்மைக்குப் பதில் கேடுதான். பொலித்தீன் பை சரசரத்தால் குரங்கு வந்துவிடும், சாப்பாட்டை வானிலேயே விடுங்கள்.

மாமிக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் நோகும். பொல்லை முதலில் கீழ்ப்படியில் ஊன்றி, நோகிற காலை இறக்கி, பிறகு மற்றக் காலை இறக்கச் சொல்லுங்கள். பாதியில் நல்ல நிழல் கிடைத்தால் அங்கேயே இருந்துவிடலாம். உச்சிக்குப் போயே ஆகவேண்டும் என்று ஒருவரும் அவரை நெருக்க வேண்டாம். மாசி தொடக்கம் புரட்டாதி வரை நல்ல காலம். மாரியில் கல் வழுக்கும்.

இறங்கியதும் இன்னும் பத்துக் கிலோமீற்றரளவு வடக்கே போனால் புல்மோட்டை. ஒப்படைக்கு வேண்டியது அங்கேதான் கிடக்கிறது. உள்நாட்டுப் பழம்பாறைகள் உதிர்ந்து, ஆறுகளோடு வந்த மணலைக் கடல் புடைக்கிறது. இலேசான படிகக்கல் மணல் அடிபட்டுப் போக, பாரமான கனியங்களான கறுப்பு இல்மனைற், உருத்தைல், சிர்க்கோன் கரையில் தங்கிவிடும். வடகீழ் பருவக்காற்று வருடாவருடம் புது மணலைக் கொண்டுவந்து போடுகிறது. 1957 இல் அரசாங்கம் இதற்கென்று கனிய மணல் கூட்டுத்தாபனத்தை அமைத்தது. இல்மனைற்றிலிருந்து எடுக்கும் தைத்தானியம் ஈரொட்சைட்டுத்தான் வெள்ளைப் பெயின்றுக்கு வெண்மை தருகிறது. கறுப்பு மணலிலிருந்து வெள்ளைச் சாயம் என்று மூத்தவன் ஒப்படைக்குத் தலைப்புப் போடலாம். அகழும் பகுதிக்கு அனுமதியில்லாமல் நுழையக் கூடாது, மணலை அள்ளி வீட்டுக்குக் கொண்டுவரவும் கூடாது.

கேள்வி: அவ்வளவு தூரம் போக வசதியில்லை. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்குக் கல் எடுத்த குழிகளைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா?
— வாசகர், ஏழாலை

பதில்: வீதியில் நின்று காட்டுங்கள், விளிம்புக்குப் போக விடாதீர்கள். சுண்ணாம்புக்கல்லைச் செங்குத்தாக வெட்டியிருப்பார்கள். மேலே உறுதியாகத் தெரியும் விளிம்புக்கு அடியில் மழைநீர் கரைத்த பொந்து இருக்கும். உள்ளே தேங்கிய தண்ணீரில் விழுந்தவர் பிடித்து ஏறப் படியுமில்லை, சரிவுமில்லை. நீச்சல் தெரிந்தும் பயன் இல்லை.

சொல்லிக் கொடுக்க விஷயம் நிறைய உண்டு. தொழிற்சாலை 1950 இல் உற்பத்தியைத் தொடங்கி, போரால் 1990 இல் நின்றது. சீமெந்துக்குச் சுண்ணாம்புக்கல் மட்டும் போதாது, களியும் வேண்டும். குடாநாட்டில் கல் தாராளம். களி முருங்கனிலிருந்து வந்தது. இரண்டையும் அரைத்து 1,450 பாகை செல்சியஸ் அளவில் சுட்டு, வருகிற கட்டியைக் கொஞ்சம் ஜிப்சத்தோடு மறுபடி அரைத்தால் சீமெந்து. கல்லை ஆழமாக எடுத்தால் என்ன கேடு என்பதையும் சொல்லுங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்புநீருக்கு மேல் மிதக்கும் நன்னீர். அதைத் தாங்கி வைத்திருப்பதே இந்தக் கல்தான்.

கேள்வி: கறுப்பு மணலில் காந்தத்தைப் பிடித்தால் கொஞ்சம்தான் ஒட்டுகிறது. இல்மனைற்றில் இரும்பு இருக்கிறது என்கிறார்களே?
— மாணவி, பருத்தித்துறை

பதில்: இருக்கிறது, ஆனால் காந்தத்துக்கு அது மெல்லத்தான் இழுபடும். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டும் காந்தத்துக்கு அகப்படுவது பெரும்பாலும் மக்னற்றைற் என்ற இன்னொரு இரும்புக் கனியம். பழுதான கணினி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினால் உள்ளே வலிய காந்தம் கிடைக்கும். அதைப் பொலித்தீன் பையில் சுற்றி, உலர்ந்த மணலுக்கு மேலே அரைச் சென்ரிமீற்றர் உயரத்தில் பிடியுங்கள். ஈர மணல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் சரிவராது. காந்தத்தைப் பையிலிருந்து வெளியே இழுத்தால் ஒட்டிய மணல் தானாக உதிரும். பை இல்லாமல் பிடித்தால் அந்தத் தூளைத் துடைத்தெடுப்பதற்கே ஒரு பின்னேரம் போய்விடும். கடைசிவரை ஒட்டாமல் கிடப்பவற்றில் உருத்தைலும் சிர்க்கோனும் இருக்கும். தொழிற்சாலைகளில் அவையிரண்டையும் உயர் மின்னழுத்தத்தால் பிரிக்கிறார்கள், உருத்தைல் மின்னைக் கடத்தும், சிர்க்கோன் கடத்தாது.