ஒரு பக்கக் கழுத்து வலி: ஈகிள் சிண்ட்ரோமா என்று பாருங்கள்

விழுங்கினாலும் தலையைத் திருப்பினாலும் வலது கழுத்தில் குத்தி, காது வரை ஏறுகிறது, பல்லைப் பிடுங்கியும் போகவில்லை என்கிறீர்கள். எனக்கு ஈகிள் சிண்ட்ரோம் மேல்தான் சந்தேகம். இதில், காதுக்குக் கீழே ஊசி போல இறங்கும் ஸ்டைலாய்டு எலும்பு 3 செ.மீ.க்கு மேல் நீண்டு, பக்கத்து நரம்பை உரசும். நீண்டிருந்தும் பலருக்கு வலியே இருக்காது, அதனால் ஸ்கேன் மட்டும் போதாது. காது மூக்கு தொண்டை மருத்துவர் டான்சில் குழியில் விரல் வைத்து அழுத்திப் பார்ப்பார். அதே வலி கிளம்பி, அங்கே மரத்துப்போகும் ஊசி போட்டதும் அடங்கினால் சந்தேகம் வலுக்கும். அப்புறம் முப்பரிமாண சிடி ஸ்கேன். முதலில் வலி மாத்திரை, நரம்பு வலி மருந்து, ஸ்டீராய்டு ஊசி. கேட்காவிட்டால் எலும்பை வெட்டிக் குறைப்பார்கள். தலை திருப்பும்போது மயக்கமோ பார்வை மங்கலோ வந்தால் கழுத்துத் தமனி அழுந்தலாம், உடனே போங்கள். சரி, காரணம் தெரியும்வரை இன்னொரு பல்லைப் பிடுங்க ஒத்துக்கொள்ளாதீர்கள்.