மீன் தண்ணீர் பட்ட வண்டியும் வாட்டர் வாஷ் துப்பாக்கியும்

கேள்வி: காசிமேட்டில் மீன் எடுத்து வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பக்கம் விற்கிறேன். 100 சிசி வண்டி, பின்னால் ஐஸ் பெட்டி. வாரம் தவறாமல் வாட்டர் வாஷ் விடுகிறேன். அப்படியும் இரண்டே வருஷத்தில் ரிம், செயின் எல்லாம் துரு. இப்போது ஹேண்டிலைத் திருப்பினால் நடுவில் ஓரிடத்தில் சிக்குகிறது. நான் எங்கே தப்பு செய்கிறேன், சார்?

பதில்: வாரம் ஒருமுறை என்பதிலேயே தப்பு இருக்கிறது. ஐஸ் உருகிய மீன் தண்ணீர் ஆறு நாள் வண்டியில் ஊறுகிறது, ஏழாம் நாள் நுரை போட்டுக் குளிப்பாட்டுகிறீர்கள். துருவுக்கு ஆறு நாள் தாராளம்.

தினமும் வியாபாரம் முடிந்ததும் ஒரு பக்கெட் வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். ஷாம்பு வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். பெட்டி உட்காரும் கேரியரின் அடிப்பக்கம், ஷாக் அப்சார்பரின் கால், ரிம்மில் ஸ்போக்ஸ் நுழையும் ஓட்டைகள், பின் மட்கார்டின் உள்பக்கம் எல்லாவற்றிலும் சொம்பால் ஊற்றினால் போதும். மட்கார்டுக்குள் விரலை விட்டு ஒருமுறை தடவிப் பாருங்கள். செதிலும் மணலுமாக நறநறவென்று ஒரு பூச்சு வரும். வெளியே பளபளக்கிற வண்டி உள்ளுக்குள் அரிக்கிற இடம் அதுதான்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். நம் பக்கம் பல தெருக்களில் போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. அதில் கழுவி வெயிலில் காயவிட்டால், உப்பைக் கழுவிவிட்டு உப்பையே பூசிய கதைதான். போர் தண்ணீரில் கழுவுங்கள், கடைசி அரை பக்கெட் மட்டும் மெட்ரோ தண்ணீராக இருக்கட்டும். குடிக்கிற தண்ணீரை வண்டிக்கு ஊற்றுவதா என்று வீட்டில் சத்தம் வரும். அரை பக்கெட்தானே என்று சமாளியுங்கள். உடனே துணியால் துடைத்துவிடுங்கள். ஈரத்தோடு ரெக்சின் கவரைப் போட்டு மூடினால் கழுவாமலே விட்டிருக்கலாம்.

அடுத்து ஹேண்டில். அது பெரும்பாலும் கோன் செட்டின் வேலை, அதாவது ஹேண்டில் திரும்புகிற இடத்தில் இருக்கும் பேரிங்கின் வேலை. டயருக்கு 28 பவுண்டு காற்று வைக்கச் சொல்கிறோம் இல்லையா? வாட்டர் வாஷ் துப்பாக்கியிலிருந்து தண்ணீர் 1,400 பவுண்டுக்கு மேல் அழுத்தத்தில் வரலாம். அதைக் கிட்ட வைத்து ஹேண்டிலுக்குக் கீழேயும், சக்கரத்தின் நடுவிலும் அடித்தால் தண்ணீர் சீலைத் தாண்டி உள்ளே போகும், கிரீஸ் வெளியேறும். பேரிங் உள்ளுக்குள்ளேயே துரு ஏறும். வாராவாரம் காசு கொடுத்து இதைச் செய்திருக்கிறீர்கள். மெக்கானிக்கிடம் கோன் செட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். குழி விழுந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும், வெறும் கிரீஸ் வைத்துப் பயனில்லை.

இனி எப்போதாவது வாட்டர் வாஷ் விட்டால் பக்கத்திலேயே நில்லுங்கள். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். சைலன்சர் வாயில் ஒரு பாலிதீன் கவரைக் கட்டுங்கள். துப்பாக்கியை நாலடி தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். சாவி துவாரம், ஸ்விட்சுகள், வயர் கப்ளர், ஏர் ஃபில்டர் பக்கம் நேராக அடிக்கக் கூடாது. கடைசியில் அடிப்பாகத்துக்கு டீசல் ஸ்பிரே அடிக்க வருவார்கள். பளபளப்பு அரை நாள்தான் இருக்கும், தூசி அதில் அப்பிக்கொள்ளும், ரப்பரும் கெடும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பாலிஷ் விஷயத்தில் எனக்கே பட்ட அனுபவம் உண்டு. ஒரு கடையில் பையன் ஆசையாக முன் டிஸ்க்குக்கும் சேர்த்துப் பாலிஷ் போட்டுவிட்டான். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. பிரேக்கைப் பிடித்தேன், வண்டி நிற்கவில்லை. முன்னால் நின்ற தள்ளுவண்டியில் முட்டிய பிறகுதான் நின்றது. நாலு கிலோ வெங்காயத்துக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தேன். டிஸ்க், டிரம், டயர் தரையில் படும் பகுதி, இந்த மூன்றிலும் எண்ணெயோ பாலிஷோ படவே கூடாது. உங்கள் வண்டி டிரம் பிரேக் என்றால் கழுவியதும் உள்ளே ஈரம் நிற்கும். தெருவுக்குள்ளேயே மெதுவாக ஓட்டி, பிரேக்கை லேசாக நாலைந்து முறை பிடித்து, நன்றாகப் பிடிக்கிறது என்று தெரிந்த பிறகு மெயின் ரோட்டுக்குப் போங்கள்.

செயினுக்கு வருவோம். 100 சிசி வண்டிகளில் பெரும்பாலும் மூடிய கவர் இருக்கும், அதில் ஒரு சின்ன ரப்பர் மூடியும் இருக்கும். அதைத் திறந்து பாருங்கள். செயின் செம்மண் நிறத்தில் இருந்தால் கவரையே கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். மண்ணெண்ணெய் கிடைத்தால் அது, இல்லாவிட்டால் செயின் கிளீனர். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து, காய்ந்த பிறகு 90 நம்பர் கியர் ஆயில் விடுங்கள். மிச்சத்தைத் துடைத்தெடுங்கள். சாதாரணமாக 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை போதும், மீன் வண்டிக்கு அதற்கு முன்பே செய்யலாம்.

இன்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றுகிற செயினில் துணியை வைத்துத் துடைப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் தெரு மெக்கானிக்கின் வலது ஆள்காட்டி விரலில் நகம் இருந்த கணு இல்லை. துணி ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரம்) சிக்கியதும் விரலும் கூடப் போய்விட்டது. நல்ல கைக்காரர், முப்பது வருஷத் தொழில். சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள்.

கேள்வி: எண்ணூரில் இருக்கிறேன். புது வண்டி, மேட் கறுப்பு. காலையில் பார்த்தால் சாம்பல் படிந்திருக்கிறது. ஷோரூமில் டெஃப்லான் கோட்டிங் கண்டிப்பாகப் போட வேண்டும் என்கிறார்கள். போடலாமா?

பதில்: கண்டிப்பு எதுவும் இல்லை. வேண்டாம் என்றால் வேண்டாம்தான், பில்லில் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். டெஃப்லான் கோட்டிங்கும் பாலிஷ் மாதிரி மேலே பூசித் தேய்ப்பதுதான். மேட் பெயின்டுக்கு மெழுகும் பாலிஷும் ஆகாது, திட்டுத் திட்டாகப் பளபளத்து நிரந்தரமாக அசிங்கமாகிவிடும். அந்தக் காசுக்கு நல்ல துணிக் கவர் ஒன்று வாங்கலாம்.

சாம்பலை உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள். அது உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது மாதிரி. முதலில் தண்ணீர் ஊற்றி ஓடவிட்டு, அப்புறம் வண்டி ஷாம்பு. ஒரு பக்கெட்டில் ஷாம்பு, துணியை அலச இன்னொரு பக்கெட். மைக்ரோஃபைபர் துணி போதும். பாத்திரம் தேய்க்கும் பவுடர், நார் எதையும் வண்டி பக்கம் கொண்டு போகாதீர்கள். (வெளுப்பதைப் பற்றி வண்ணாரப்பேட்டைக்காரன் சொல்கிறேன், நம்பலாம்.)

கேள்வி: வாட்டர் வாஷ் விட்டு எடுத்ததும் செல்ஃப் வேலை செய்யவில்லை. ஸ்விட்ச் மாற்ற 850 ரூபாய் ஆனது. 'பழுதுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற போர்டைக் காட்டுகிறார்கள். பில்லும் தரவில்லை.

பதில்: காசு வாங்கிக்கொண்டு செய்த வேலை, குறை இருந்தால் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஒரு போர்டை மாட்டியதால் அது போய்விடாது. பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிகம். ஆனால் அவர்கள் கழுவியதால்தான் கெட்டது என்று நீங்கள் காட்ட வேண்டும். மெக்கானிக்கிடம் 'தண்ணீர் புகுந்து பழுது' என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கடைக்குப் பணம் ஃபோனில் அனுப்பியிருந்தால் அந்தத் தேதியும் நேரமும் சாட்சி.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் பதியுங்கள். சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும், இவ்வளவு சின்னத் தொகைக்குக் கட்டணம் கிடையாது. 850 ரூபாய்க்கு அலைவதா என்பது உங்கள் முடிவு. நானாக இருந்தால் 1915 வரைக்கும் கண்டிப்பாகப் போவேன். அப்புறம் வேறு கடையைப் பார்த்துக்கொள்வேன்.