ஸ்கைரிம் கணினி விளையாட்டில் பட்டறையும் அடுப்பும் சும்மா கிடக்கிறதா?
நண்பரே, கை நிறையப் பணம், பசியே இல்லை, அப்புறம் அடுப்பும் பட்டறையும் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் சன்ஹெல்ம் என்ற ரசிகர் இணைப்பை (mod) போடுங்கள். பசி, தாகம், தூக்கம், குளிர் நான்கும் அதிலேயே வந்துவிடும். உங்கள் பழைய லேப்டாப்புக்கும் பாரமில்லை. கூடவே கேம்ப்ஃபயர் என்ற இன்னொரு இணைப்பு. விறகு பொறுக்கித் தீ மூட்டி, தோல் கூடாரம் அடித்தால்தான் வின்டர்ஹோல்டு என்ற வடக்கு ஊரின் பனியில் ஓர் இரவைத் தாண்டலாம். அப்புறம் மான் தோலை விற்க மனசே வராது. (மதுரையில் சித்திரை வெயிலில் உட்கார்ந்துகொண்டு இப்படி நடுங்குவது தனி சுகம்.)

வரைபடத்தில் தொட்டதும் ஊர் தாண்டும் ஃபாஸ்ட் டிராவலைத் தொடாதீர்கள், குதிரை வண்டியில் போங்கள். இல்லாவிட்டால் எல்லாம் வீண். விளையாட்டோடு வரும் சர்வைவல் மோடை (அதுவும் பசி, குளிர் தருவதுதான்) அணைத்துவிடுங்கள், சன்ஹெல்மோடு முட்டிக்கொள்ளும். பாதியில் இவற்றைக் கழற்றினால் சேவ் (சேமித்த ஆட்டம்) கெடலாம். அதனால் புது ஆட்டமாகவே ஆரம்பியுங்கள்.