போஸ்ட் டென்ஷன் குழாய்க்குள் கிறவுட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கொங்கிறீற்று இறுகிய பிறகு குழாய்க்குள் இருக்கும் கம்பியை இழுத்துப் பூட்டி, குழாயைச் சீமெந்துக் குழம்பால் (கிறவுட்) நிரப்பும் வேலை பற்றி வந்த கேள்விகள் இவை. கிறவுட் கம்பியைக் கொங்கிறீற்றோடு பிணைக்கிறது. அதன் காரத்தன்மை கம்பியில் மெல்லிய காப்புப் படலத்தை உருவாக்கிக் கறள் பிடிக்காமல் வைத்திருக்கிறது. இந்த இரண்டாவது வேலையைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கம்பி இழுத்தாயிற்று, வாடைக்கால மழை விடவில்லை. கிறவுட் போடுவதை எத்தனை நாள் தள்ளலாம்? (ஒப்பந்தகாரர், கிண்ணியா)

இழுத்த நிலையில் ஏறத்தாழ இரண்டு கிழமை என்பது ஐரோப்பிய நியமத்தின் கணக்கு. அமெரிக்க வழிகாட்டல் காற்றின் ஈரப்பதன் 70 வீதத்தைத் தாண்டினால், கம்பியைக் குழாய்க்குள் விட்ட நாளிலிருந்து 7 நாள்தான் தருகிறது. வாடைக்காலத்தில், அதுவும் கடலோரத்தில், அந்த 7 நாளையே பிடியுங்கள். இந்தக் கம்பி அறுபடும் வலுவில் 70 வீதத்தை ஒட்டி இழுபட்டு நிற்கிறது. அதில் முறுக்கியிருக்கும் ஒவ்வொரு இழையும் 4, 5 மில்லிமீற்றர்தான். சாதாரண முறுக்குக் கம்பியில் பொருட்படுத்தாத ஒரு சிறு கறள் குழி, இங்கே இழை திடீரென்று அறுந்துபோகப் போதும். அதுவரை இரு முனைகளையும் மேட்டு வென்ற் குழாய்களையும் (குழாய் உயர்ந்து வளையும் இடங்களில் காற்று வெளியேற வைத்த சிறு குழாய்கள்) மூடி வையுங்கள். தாழ்ந்த இடத்து வடிகாலைத் திறந்து விடுங்கள். உள்ளே தண்ணீர் போய்விட்டால், எண்ணெய் கலக்காத உலர் காற்றை ஊதி வெளியேற்றுங்கள்.

கிணற்றுத் தண்ணீரில் கிறவுட் கலக்கலாமா? (நிலாவெளி)

பரிசோதனை அறிக்கை இல்லாமல் வேண்டாம். கிறவுட் கலக்கும் நீரில் குளோரைட்டு லீற்றருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. கரையோரக் கிணறு ஆவணியில் ஒன்றாகவும் மார்கழியில் வேறாகவும் இருக்கும். ஒருமுறை சோதித்த அறிக்கையை வருடம் முழுக்க நம்பாதீர்கள். குழாய்நீரைத் தாங்கியில் எடுத்து மூடி வைத்துப் பாவிப்பதே நல்லது. குளோரைட்டு, மேலே சொன்ன காப்புப் படலத்தையே உடைக்கும்.

மறுமுனையில் குழம்பு வரும்வரை பம்ப் பண்ணினோம். பிறகு மேட்டு வென்றைத் திறந்தால் உள்ளே வெற்றிடம். எங்கே பிழை? (தொழில்நுட்ப உத்தியோகத்தர்)

அடிக்கடி வரும் கேள்வி. பதில் பெரும்பாலும் தண்ணீரில்தான் இருக்கிறது.

ஏழு இழைக் கம்பியில், நடு இழைக்கும் சுற்றியுள்ள ஆறுக்கும் இடையே நுண்ணிய இடுக்குகள் உண்டு. சீமெந்துத் துணிக்கை அதற்குள் போகாது, தண்ணீர் போகும். குழாயில் குழம்பின் அழுத்தம் தண்ணீரை அந்த இடுக்குக்குள் தள்ள, அது விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல மேட்டுப் பகுதிக்கு ஏறித் தேங்கும். பிறகு அது உறிஞ்சப்பட்டோ ஆவியாகியோ போய்விட, வெற்றுக் கம்பியும் காற்றும் மிஞ்சும். நீங்கள் கண்ட வெற்றிடம் அதுதான். சில இடங்களில் வெற்றிடத்துக்குப் பதிலாக, விரலால் அழுத்தினால் பதியும் வெள்ளைக் களி இருக்கும். அதை "நிரம்பியிருக்கிறது" என்று எழுதிவிடாதீர்கள். அது பிரிந்துபோன கிறவுட், அதற்குள்ளும் கம்பி கறள் பிடிக்கும்.

கணக்கைப் பாருங்கள். 50 கிலோ பைக்குத் தண்ணீர் 20 லீற்றர் என்றால் தண்ணீர்-சீமெந்து எடை விகிதம் 0.40. 22 லீற்றர் உச்ச வரம்பு. "பம்ப் இறுகுது" என்று அதற்கு மேல் இன்னும் மூன்று லீற்றர் ஊற்றினால் 0.50 ஆகிவிடும். குழம்பு கூம்பின் துளையால் இறங்கும் நேரத்தை அளக்கும் கூம்புச் சோதனை மட்டும் இதைக் காட்டிக்கொடுக்காது. ஒரு லீற்றர் 25 செக்கனுக்குள் இறங்கினால் சரி என்பதால், தண்ணீர் கூடிய குழம்பு இன்னும் நன்றாகவே "பாஸ்" ஆகும். ஆகவே அடர்த்தியையும் அளவிடுங்கள். சாதாரண சீமெந்துக் குழம்பு 0.40இல் லீற்றருக்கு ஏறத்தாழ 1.95 கிலோ, 0.50இல் 1.83 கிலோ. இளக்கம் வேண்டுமென்றால் சுப்பர் பிளாஸ்ரிசைசரை (தண்ணீர் கூட்டாமல் குழம்பை இளக்கும் கலவை மருந்து) கூட்டுங்கள், தண்ணீரையல்ல.

வேலைக்கு முன்னரே ஒரு மீற்றர் உயரத் தெளிவான குழாயில் ஒரு துண்டுக் கம்பியை நிறுத்திக் குழம்பை ஊற்றிப் பாருங்கள். மூன்று மணித்தியாலத்தில் மேலே தேங்கும் தண்ணீர் 0.3 வீதத்துக்குள், அதாவது 3 மில்லிமீற்றருக்குள் இருக்கவேண்டும். கம்பி இல்லாமல் செய்த சோதனை ஏமாற்றும்.

பம்ப் பண்ணும்போது தாழ்ந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு வென்றிலும் வெளிவரும் குழம்பு உள்ளே போகும் குழம்பைப்போல் தடித்து வந்த பிறகே, வரிசைப்படி மூடுங்கள். கடைசியில் சுமார் 0.5 மெகாபஸ்காலில் ஒரு நிமிடம் பிடித்து, அழுத்தம் இறங்குகிறதா என்று பாருங்கள். உள்ளே போன குழம்பின் அளவையும் எழுதி வையுங்கள். 70க்கு 20 மில்லிமீற்றர் தட்டைக் குழாயில் 12.7 மில்லிமீற்றர் கம்பி நான்கு என்றால் மீற்றருக்கு ஏறத்தாழ 0.9 லீற்றர். 30 மீற்றர் குழாய்க்கு 27 லீற்றர் போகவேண்டிய இடத்தில் 20தான் போனது என்றால், மறுமுனையில் குழம்பு வந்திருந்தாலும் உள்ளே நிரம்பவில்லை.

கச்சான் காற்று வீசும் நாட்களில் குழம்பு சீக்கிரம் இறுகுகிறது.

குழம்பு 32 பாகை செல்சியசுக்கு மேல் போகவிடாதீர்கள். விடியற்காலையில் போடுங்கள். சீமெந்துப் பையை நிழலில் வையுங்கள். ஐஸ் போட்டால் அதன் எடையையும் தண்ணீர்க் கணக்கில் சேருங்கள்.

எங்கள் அடுக்குமாடித் தளத்தில் கறள் கசிவு எதுவும் இல்லை. அப்படியானால் உள்ளே பயமில்லையா? (உப்புவெளி)

அப்படிச் சொல்ல முடியாது. சாதாரண கம்பி கறள் பிடித்தால் உப்பி, மேலிருக்கும் கொங்கிறீற்றை வெடிக்கவைக்கும். குழாய்க்குள் வெற்றிடம் இருந்தால் உப்ப இடமிருக்கும், வெளியே ஒரு கீறலும் தெரியாது. வேல்சில் இனிஸ்-இ-குவாஸ் பாலம் 1985 டிசெம்பரில் முன்னறிவிப்பின்றி விழுந்தது. அதன் பகுதிகளை இணைத்த மூட்டுக்களில் குளோரைட்டு கம்பிவரை புகுந்திருந்தது. பிரித்தானியா 1992இல் இவ்வகைப் புதிய பாலங்களையே சில வருடம் நிறுத்திவைத்தது. உங்கள் தளத்தில் முதலில் அங்கர் (கம்பியின் முனையைப் பூட்டும் பகுதி) மூடிகளையும் மேட்டுப் புள்ளிகளையும் பார்க்கச் சொல்லுங்கள். ராடரால் குழாயின் இடத்தைக் கண்டுபிடித்து, கம்பியில் படாமல் சிறு துளையிட்டு, கமராவை விட்டுப் பார்ப்பார்கள். வெற்றிடம் இருந்தால் வெற்றிடப் பம்பால் காற்றை இழுத்து மறுபடி கிறவுட் ஏற்றலாம். ஏசிக்காகவோ பைப்புக்காகவோ தளத்தில் துளை போட யாரையும் விடாதீர்கள், வரைபடம் கையில் இல்லாதவரை.

வென்ற் குழாய்களை எப்போது வெட்டலாம்?

24 மணித்தியாலம் தொடவேண்டாம், பக்கத்தில் அதிர்வும் வேண்டாம். பிறகு மேட்டு வென்றைத் திறந்து கம்பியால் குத்திப் பாருங்கள், குறைந்திருந்தால் நிரப்புங்கள். அதன்பின் கொங்கிறீற்று மட்டத்துக்குக் கீழே வெட்டி எப்பொக்சியால் அடையுங்கள். அங்கர் குழிகளைச் சுருங்காத மோட்டாரால் நிரப்புங்கள்.