வெயில் கூடினால் நேப்பியர் கொழிக்குமா?

கறம்பக்குடிப் பக்கமிருந்து ஒரு விவசாயி கேட்டிருக்கிறார்: “எனக்கு 4 ஏக்கர் செம்மண். ஒரு போர்வெல் உண்டு. கோடையில் தண்ணீர் பாதியாகக் குறைந்துவிடும். பயோகேஸ் ஆலைக்கு நேப்பியர் புல் போடச் சொல்லி ஒரு முகவர் வந்து போகிறார். வெயில் ஏற ஏற இந்தப் புல் கொழித்து வளரும், ஏக்கருக்கு வருஷம் 150 டன் எடுக்கலாம் என்கிறார். அப்பா சவுக்குதான் போட வேண்டும் என்கிறார். இனி வரும் பருவநிலைக்கு எது தாங்கும்?”

வெயிலைப் பற்றி முகவர் சொன்னது பெரும்பாலும் சரி. நேப்பியர், கரும்பு, கம்பு, சோளம் எல்லாம் சி4 வகைப் பயிர்கள். காற்றிலிருந்து இழுக்கும் கரியமில வாயுவை இலைக்குள் செறிவாக்கி வைத்துக்கொண்டு உணவு தயாரிக்கும். சவுக்கு, தைலமரம், மலைவேம்பு எல்லாம் சி3. சூடு ஏறும்போது சி3 இலையில் அந்த வாயுவைப் பிடிக்க வேண்டிய நொதி, ஆக்சிஜனையும் சேர்த்துப் பிடித்து உழைப்பில் ஒரு பங்கை வீணாக்கும். சித்திரை வெயிலில் மரம் திணறும்போது புல் தளதளவென்று நிற்பதற்கு இதுதான் காரணம், காலடியில் ஈரம் இருக்கும்வரை.

அந்த ஈரத்தைத்தான் முகவர் கணக்கில் சேர்க்கவில்லை. நாமே போட்டுப் பார்ப்போம். 150 டன் பச்சைப் புல்லைக் காயவைத்தால் சுமார் 30 டன் தேறும். சி4 பயிர் ஒரு கிலோ உலர்பொருள் உண்டாக்க ஏறத்தாழ 300 லிட்டர் தண்ணீரை இலைவழியே ஆவியாக்குகிறது. இது சி3 பயிர்கள் கேட்பதில் பாதிதான். சிக்கனமான செடி என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் 30 டன்னுக்கு 90 லட்சம் லிட்டர் ஆகிறது. உங்கள் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை. ஒரு சொட்டுக்கூட ஓடாமல் வயலிலேயே நின்றாலும் ஏக்கருக்கு 36 லட்சம் லிட்டர்தான் வரும். மீதி முழுவதும் போரிலிருந்து வர வேண்டும். இதற்கு மேல், வெப்பம் 1 டிகிரி ஏறினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைப் பிடித்துக்கொள்ளும். அதே புல் அதே விளைச்சலுக்கு இன்னும் அதிகம் குடிக்கும். கரியமில வாயு பெருகுவதால் இலைத்துளைகள் கொஞ்சம் சுருங்கி ஓரளவு தண்ணீர் மிச்சமாகும். அதை நம்பிக் கடன் வாங்க வேண்டாம்.

அடுத்தது தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். புல்லில் புரதம் 8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 30 டன் உலர்பொருளோடு ஏறக்குறைய 380 கிலோ தழைச்சத்து வயலைவிட்டு லாரி ஏறிப் போகிறது. 45 கிலோ யூரியா மூட்டையில் சொன்னால் 18 மூட்டை, ஒவ்வோர் ஏக்கருக்கும் ஒவ்வொரு வருஷமும். ஆலையில் வாயுவாகப் பிரிந்து போவது பெரும்பாலும் கரியும் ஹைட்ரஜனும்தான். தழை, மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்துகள் கழிவுக் குழம்பில் தங்கிவிடும். அந்தக் குழம்பை வயலுக்குத் திருப்பித் தருவார்களா, ஏற்றுகூலி யாருடையது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சாகச் சொன்னால் விட்டுவிடாதீர்கள். விலை பச்சை எடைக்கா உலர் எடைக்கா என்பதையும் அதிலேயே கேளுங்கள். 45 நாளில் அறுக்க வேண்டிய புல்லை ஆலை தாமதமாக எடுத்தால் தண்டு நாராகி முற்றும். வெயில் அதிகமானால் இன்னும் சீக்கிரம் முற்றும். முற்றிய புல்லில் வாயு குறையும், பேரமும் உங்கள் தலையில் விழும்.

இனி அப்பாவின் சவுக்கு. தொழிற்புரட்சிக்கு முன் 280 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 280 பங்கு) இருந்த கரியமில வாயு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. சி4 புல்லுக்கு இது நேரடியாகப் பெரிய லாபமில்லை, மரத்துக்கு லாபம். ஆனால் மண்ணில் சத்து இருந்தால்தான் அந்த லாபம் கட்டையாகச் சேரும். சிட்னி அருகே முதிர்ந்த தைலமரக் காட்டில் கரியமில வாயுவை 150 பிபிஎம் கூட்டிப் பார்த்தார்கள். இலைகள் 12 சதவீதம் அதிகமாக உள்வாங்கின; மரமோ கூடுதலாகப் பருக்கவில்லை. மணிச்சத்து இல்லாத மண், உள்ளே போனது திரும்பக் காற்றுக்கே போய்விட்டது. நம் செம்மண்ணும் மணிச்சத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் மண்தான். சவுக்குக்கு ஒரு வசதி உண்டு: வேர் முடிச்சுகளில் வாழும் ஃபிராங்கியா நுண்ணுயிர் தழைச்சத்தைக் காற்றிலிருந்தே பிடித்துத் தரும். எனவே யூரியாவைக் குறைத்து, நடவுக் குழியில் தொழுவுரத்தோடு சூப்பர் பாஸ்பேட் இடுங்கள்.

மரத்தின் அபாயம் வேறு இடத்தில் இருக்கிறது. புல் ஒரு அறுப்பு போனால் அடுத்த அறுப்பில் மீளும். சவுக்கு மூன்று, நான்கு வருஷ முதலீட்டை ஒரே இரவில் இழக்கலாம். 2018 நவம்பரில் கஜா வந்தபோது உங்கள் மாவட்டம் பட்டதை நான் சொல்லத் தேவையில்லை. கடல் சூடாகச் சூடாகப் புயலுக்குத் தீனி கூடும். ஆகவே சவுக்கை ஒரே வருஷத்தில் மொத்தமாக நடாமல், ஆண்டுக்கு ஒரு துண்டு என்று பிரித்து நடுங்கள். ஒரே குளோனை (ஒரே தாய் மரத்தின் நகலாக வளர்த்த நாற்றை) நிலம் முழுக்க வைப்பதும் வேண்டாம். பட்டைக் கொப்புள நோய் நுழைந்தால் எல்லாம் ஒன்றுபோல விழும். கோவை மர இனப்பெருக்க நிறுவனம் வெளியிட்ட குளோன்களில் இரண்டு மூன்றைக் கலந்து வையுங்கள். நாற்றுப் பையைக் கிழித்து வேரைப் பாருங்கள். சுருண்டிருந்தால் வாங்காதீர்கள், அந்த மரம் காற்றில் சாயும்.

என் கருத்து: மூன்று ஏக்கரில் சவுக்கு, மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்து, முதல் துண்டை வடகிழக்கு மழை பிடிப்பதற்கு முன் நட்டுவிடுங்கள். புல் அதிகபட்சம் ஒரு ஏக்கர், அதுவும் போர் ஒத்துழைத்தால். கையெழுத்துப் போடுவதற்கு முன் மே மாதத்தில் 200 லிட்டர் டிரம் ஒன்றைக் குழாயடியில் வைத்து, நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ஒரு ஏக்கர் புல்லுக்கு அந்தப் பருவத்தில் நாளொன்றுக்கு 24,000 லிட்டராவது வேண்டும். டிரம் ஒரு நிமிடத்தில் நிறைந்தால் இரண்டு மணி நேர மோட்டார் போதும். நான்கு நிமிடம் எடுத்தால் எட்டு மணி நேரம் ஓட வேண்டும்; அப்படியானால் புல்லை அரை ஏக்கரோடு நிறுத்தி, ஆலைக்குப் போடாமல் உங்கள் மாட்டுக்கே போடுங்கள்.