இந்தியப் பத்திரிகைகளின் பழைய கதை: கேட்டவையும் சொன்னவையும்

இந்தியாவின் முதல் பத்திரிகை ஹிக்கி நடத்தியதுதானே?

ஆமாம். 1780 ஜனவரி 29 அன்று கல்கத்தாவில் தொடங்கிய ஆங்கில வார இதழ். கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸைத் தாக்கி எழுதியதால் ஹிக்கி சிறைக்குப் போனார். உள்ளே இருந்தபடியே இதழை நடத்தினார். 1782இல் அச்செழுத்துகளைப் பறிமுதல் செய்த பிறகுதான் நின்றது.

முதல் இந்திப் பத்திரிகையும் கல்கத்தாவில்தான் வந்ததாமே, ஏன்?

அச்சகம் எங்கே இருந்ததோ அங்கேதான் பத்திரிகை பிறந்தது. ஜுகல் கிஷோர் சுக்லா 1826 மே 30 அன்று 'உதந்த் மார்த்தாண்ட்' வார இதழைக் கொண்டுவந்தார். ஆனால் இந்தி படிப்பவர்கள் இருந்ததோ தொலைவில், வடக்கே. தபாலில் அனுப்பினால் செலவு கட்டுப்படியாகவில்லை. அரசிடம் தபால் சலுகை கேட்டார், கிடைக்கவில்லை. 1827 டிசம்பரில் இதழ் நின்றுபோனது. எழுத ஆள் இருந்தும், படிக்க ஆள் இருந்தும், நடுவில் இருந்த வழி அடைபட்டது. இன்றும் மே 30ஐ இந்திப் பத்திரிகை நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

குஜராத்தியின் கதை வேறு. 1822இல் தொடங்கிய 'மும்பை சமாச்சார்' இன்றும் வருகிறது. கப்பல், வியாபாரச் செய்தி தேவைப்பட்ட வாசகர்கள் அதே ஊரில் இருந்தார்கள்.

ஒரே இரவில் மொழி மாறிய பத்திரிகை உண்டா?

'அம்ரித பஜார் பத்திரிகா'. 1878இல் வைஸ்ராய் லிட்டன் பிரபு கொண்டுவந்த பத்திரிகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இந்திய மொழி இதழ்களுக்கு மட்டும்தான், ஆங்கிலத்துக்குக் கிடையாது. மாஜிஸ்திரேட் பிணைத்தொகை கேட்கலாம், நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய முடியாது. வங்காளத்திலும் ஆங்கிலத்திலுமாக வந்துகொண்டிருந்த இதழை முழுக்க ஆங்கிலமாக்கிவிட்டார்கள்! புத்திசாலித்தனம்தான், ஆனால் அதை வங்காள மொழியில் படித்தவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். சட்டத்தை நீக்கியவர் ரிப்பன் பிரபு. சென்னை மாநகராட்சிக் கட்டடத்துக்குப் பெயர் தந்த அதே ரிப்பன்தான்.

தமிழில் முதல் நாளிதழ் எது?

'சுதேசமித்திரன்'. 'தி ஹிந்து'வைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் வார இதழாக ஆரம்பித்தார், 1899இல் நாளிதழானது. 1904இல் உதவி ஆசிரியராகச் சேர்ந்த பாரதிக்கு, ஆங்கிலச் செய்திகளையும் சொற்பொழிவுகளையும் தமிழாக்குவதுதான் அன்றாட வேலை. அரசியல் பேசும் தமிழ் உரைநடை அந்த மேசையில்தான் பழகியது என்பது என் எண்ணம். அப்புறம், 1907இல் அயோத்திதாசர் ராயப்பேட்டையில் தொடங்கிய 'ஒரு பைசா தமிழன்' இதழையும் மறக்கக் கூடாது. விலையே பெயரில் இருந்தது. காசில்லாதவனும் வாங்க வேண்டும் என்று நினைத்த இதழ்.

பழைய இதழ்களில் 'லை' யானைத் துதிக்கை மாதிரி சுழித்திருக்கிறதே?

அது பழைய வடிவம். ணை, லை, ளை, னை, ணா, றா, னா போன்றவற்றுக்குத் தனித்தனி ஈய அச்சு வேண்டும். அச்சுக்கோப்பவர் இடவலம் மாறிய எழுத்துகளை அறை அறையாகத் தேடி எடுத்துக் கோக்க வேண்டும். பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழில் இவற்றைச் சீர்திருத்தி அச்சிட்டார். தமிழக அரசு 1978இல்தான் அதை ஏற்றது.

இவற்றை எங்கே பார்க்கலாம்?

சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போய்ப் பாருங்கள். விளம்பரப் பக்கங்களையும் விடாமல் புரட்டுங்கள்.