வாசகர் கேள்வி–பதில்: உதகைப் பூங்காவில் ஒரு வரலாற்று வகுப்பு

கேள்வி: குன்னூர் அருகே உள்ள அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்துகிறேன். மாணவர்களை உதகை அரசு தாவரவியல் பூங்காவுக்கு அழைத்துச் சென்று, அதன் வரலாற்றை அவர்களையே தேட வைக்க விரும்புகிறேன். பெயர்களையும் ஆண்டுகளையும் குறித்துக்கொண்டு திரும்புவதைத் தவிர வேறு என்ன செய்யலாம்?

பதில்: நிலத்திலிருந்து தொடங்குங்கள். தொட்டபெட்டாவின் அடிச்சரிவில் ஏறத்தாழ 22 ஹெக்டேரில் அமைந்துள்ள இந்தப் பூங்காவின் மேற்பகுதி ஒரு காலத்தில் செங்குத்தான காடாகவும், கீழ்ப்பகுதி சதுப்பாகவும் இருந்தது. மாணவர்களைக் கீழ்ப் புல்தரையின் ஓரத்தில் நிறுத்தி, மேலிருந்து இறங்கும் தண்ணீர் எங்கே போகிறது என்று கேளுங்கள். அதற்கு விடை தேடி அவர்கள் சரிவில் ஏறி இறங்கும்போதே, சதுப்பை வடித்து, மேட்டை வெட்டிப் படித்தளங்களாக்கிய உழைப்பின் அளவு தானாகப் புரியும்.

அடுத்த கேள்வி, இது யாருக்காக அமைக்கப்பட்டது என்பது. 1840களில் உதகையில் குடியிருந்த ஐரோப்பியர்கள் மாதம் 3 ரூபாய் சந்தா செலுத்தி, தங்களுக்குக் காய்கறி விளைவிக்க ஒரு தோட்டம் நடத்தினர். அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. 1848இல் லண்டன் கியூ தோட்டத்தில் பயின்ற வில்லியம் கிரகாம் மெக்கைவர் பொறுப்பேற்றார். பூங்காவுக்கு உருவம் கொடுக்க அவருக்கு ஏறக்குறைய பத்தாண்டுகள் ஆயின. அவர் பெயர் பூங்காவின் வரலாற்றைச் சொல்லும் இடத்திலெல்லாம் வந்துவிடுகிறது. மண் சுமந்தவர்களின் பெயர்கள் எங்கே என்று உங்கள் மாணவர்கள் கேட்டால், அந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பயணம் தகும்.

மெக்கைவரைப் பூ வளர்த்தவராக மட்டும் காட்டிவிடாதீர்கள். மலேரியாவுக்கு மருந்தான கொய்னாவைத் தரும் சின்கோனா மரம் 1860 வாக்கில் தென் அமெரிக்காவிலிருந்து நீலகிரிக்கு வந்தபோது, அதை வளர்த்தெடுத்தவர் அவர்தான். மரத்தை வெட்டாமல், பட்டையை நீளவாக்கில் கீற்றுகளாக உரித்து, உரித்த இடத்தைப் பாசியால் மூடிக் கட்டினால் பட்டை மீண்டும் வளரும் என்று அவர் கண்டறிந்தார். கடல் கடந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளும் நீலகிரியின் நடுவட்டம் சின்கோனாத் தோட்டங்களில் வேலை செய்யப் பயன்படுத்தப்பட்டனர். ஆகவே இந்தப் பூங்காவின் கதை அதன் வேலியோடு முடிவதில்லை. பேரரசின் மருந்து, படை, வணிகம் ஆகியவற்றோடு அது பிணைந்திருக்கிறது.

மாணவர்களிடம் ஓர் உலக வரைபடத்தைக் கொடுத்து, மரங்களின் பெயர்ப்பலகைகளைப் படித்து ஒவ்வொன்றின் தாயகத்தையும் அதில் குறிக்கச் சொல்லுங்கள். முட்கள் போன்ற இலைகள் கிளையெங்கும் நெருக்கமாகச் சூழ்ந்த, குரங்கும் ஏறத் தயங்கும் ‘மங்கி பசில்’ மரம் சிலி நாட்டைச் சேர்ந்தது. அவர்கள் பிறந்தது முதல் பார்த்துவரும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) ஆஸ்திரேலியாவிலிருந்து 1843இல் இம்மலைக்கு வந்ததுதான் என்பதை அங்கேயே சொல்லுங்கள். பிறகு, சோலைக்குரிய காட்டுப்பூவரசு போன்ற நம் மண்ணின் மரங்கள் எத்தனை எஞ்சியுள்ளன என்று தேடட்டும்.

பள்ளிக்குத் திரும்பிய பின், 1908இல் ஆங்கிலத்தில் வெளியான நீலகிரி மாவட்ட கெசட்டியரின் (மாவட்ட விவரத் தொகுப்பு) பகுதிகளை நீங்களே தமிழில் சொல்லி, நேரில் கண்டதோடு ஒப்பிட வையுங்கள்.

கேள்வி: பூங்காவின் மேற்புறம் உள்ள தோடர் மந்துக்கும் (தோடர் பழங்குடியினரின் குடியிருப்பு) மாணவர்களை அழைத்துச் செல்லலாமா?

பதில்: முன்கூட்டியே அங்குள்ள பெரியவர்களைச் சந்தித்து, அவர்கள் சம்மதித்தால் மட்டும் சிறு குழுவாகச் செல்லுங்கள். அது மக்கள் வாழும் ஊர், காட்சிப் பொருள் அன்று. கோயிலை நெருங்குவதும் கேளாமல் படம் எடுப்பதும் கூடாது. வில்லாக வளைந்த கூரையும், தவழ்ந்து நுழையும் அளவுக்குச் சிறிய வாசலும் கொண்ட தோடர் வீட்டின் அமைப்பைப் பற்றி அவர்கள் வாயிலாகவே மாணவர்கள் கேட்கட்டும். எருமைகள் மேய்ந்த புல்வெளிகளை வெற்று நிலமாக எண்ணியே ஆங்கிலேயர் உதகையில் கட்டடங்களையும் தோட்டங்களையும் எழுப்பினர் என்பதைப் பூங்காவில் நின்று சொல்வதைவிட அங்கிருந்து கேட்பது ஆழமாகப் பதியும்.

மே மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள். 1896இல் தொடங்கிய மலர்க் கண்காட்சி நடக்கும் அந்நாட்களில் நின்று பேச இடமிருக்காது. கண்காட்சிக்கு மாதங்களுக்கு முன்பே நாற்று வளர்க்கும் பணி நடக்கும். அப்போது அனுமதி பெற்றுச் சென்றால், தலைமுறையாக அங்கே வேலை செய்யும் பணியாளர்களிடம் மாணவர்கள் பேசவும் வாய்ப்புக் கிடைக்கும்.